பையில் இரண்டு நிறைகற்கள்



சில வாரங்களாக ஒரு காணொளி நம் சபையாரின் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. இமயமலையின் பனி 2035ஆம் ஆண்டுக்குள் உருகிவிடும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது தவறு என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே புவி வெப்பமடைகிறது என்பதே கட்டுக்கதை. இதுவே அதன் சாரம். முடிவில் ஆதியாகமம் 8:22 திரையில் எழுத்துகளாக ஓடுகிறது. அதை எனக்கு அனுப்பியவர்களில் சபை மூப்பர்களும் உண்டு, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. மூப்பர்கள் மகிழ்ந்து அனுப்பினார்கள். பிள்ளைகள் வருந்தி அனுப்பினார்கள். ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் இதன்பொருட்டு முகம் கொடுத்துப் பேசாதிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, இவ்வாரத் தியானத்தை இதற்கென்றே ஒதுக்கத் துணிந்தேன்.

காணொளியின் முற்பாதி மெய்யானது. அதை நாம் கூச்சமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். விவரமாக அறிந்தும் கொள்ள வேண்டும்.

காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுக் குழுவை ஐ.பி.சி.சி. என்பார்கள். அக்குழு 2007இல் வெளியிட்ட நான்காம் அறிக்கையின் இரண்டாம் தொகுதி ஏறக்குறைய ஆயிரம் பக்கங்கள் கொண்டது. அதில் ஆசியாவைப் பற்றிய பத்தாம் அத்தியாயத்தின் ஒரு பத்தியில்தான், இமயத்தின் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்ற கூற்று இடம்பெற்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 2005இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை. அந்த அறிக்கைக்கோ ஆதாரம் 1999இல் ஒரு பிரித்தானிய அறிவியல் வார இதழில் வந்த செய்தி. அளந்து பார்த்த ஆய்வு எதுவும் அந்தச் சங்கிலியின் அடியில் இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் எழுத, எழுதியதை இன்னொருவர் ஆதாரமாக்க, அது ஏறிக்கொண்டே போய் உலக அறிக்கையில் அமர்ந்துவிட்டது. 1996இல் வெளிவந்த ஓர் உருசிய அறிஞரின் மதிப்பீட்டில் இதே பொருள் பற்றி 2350 என்ற ஆண்டு இருந்தது என்றும், இலக்கங்கள் இடம் மாறி 2035 ஆகியிருக்கலாம் என்றும் கனடாவின் பனியாற்று அறிஞர் கிரகாம் காக்லி சுட்டிக்காட்டினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேறுபாடு!

அதே இடத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. உத்தராகண்டில் உள்ள பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது. ஆகவே ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று அட்டவணையில் அச்சிட்டிருந்தார்கள். 1845க்கும் 1966க்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? 121. அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 23.5 மீட்டர்தான் வரும். 21ஆல் வகுத்துப் பாருங்கள், 135.2 வரும். ஓர் ‘1’ விழுந்துபோயிற்று. நம் ஞாயிறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை இது.

இந்தியாவில் 2035ஐ எதிர்த்துக் குரல் எழுந்தது 2009 நவம்பரில். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற வி. கே. ரெய்னா என்பவர் எழுதிய ஆய்வறிக்கையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அவ்வளவு விரைவில் அழியும் என்பதற்குச் சான்றில்லை என்றது அது. பன்னாட்டுக் குழுவின் தலைவராயிருந்த ராஜேந்திர பச்சௌரி அதை மந்திரவாத விஞ்ஞானம் என்று இகழ்ந்தார். மூன்று மாதங்கூட ஆகவில்லை. இமயம் பற்றிய அந்தப் பத்தி தக்க சான்றின்றி எழுதப்பட்டது என்று 2010 ஜனவரி 20 அன்று அதே குழு வருத்தம் தெரிவித்தது.

இகழ்ந்த வார்த்தையை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்ததுண்டு. எண்ணில் பிழை நேர்வது மனித இயல்பு. சுட்டிக்காட்டியவனை ஏளனம் செய்வது வேறு வகையைச் சேர்ந்தது. நீதிமொழிகள் 18:17ஐத் திறந்து வாசியுங்கள். வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயமுள்ளவனாகவே தோன்றுவான். எதிராளி வந்து வினவும்போதுதான் உள்ளது வெளிப்படும் என்பது அதன் கருத்து. வினவ வருகிறவன் பட்டம் பெற்றவனா, பதவியில் இருப்பவனா என்று சாலொமோன் கேட்கவில்லை. பிலேயாம் தீர்க்கதரிசிக்கு எதிரே பட்டயத்தோடு நின்ற தூதனைக் கண்டது அவன் கழுதை. (அதற்காக அந்தக் கழுதையை அடுத்த தீர்க்கதரிசியாக ஒருவரும் நியமிக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.)

ரெய்னா துறைக்கு உள்ளிருந்தவர். துறைக்கு முற்றிலும் வெளியே இருந்து எண்களைக் கேள்விக்குள்ளாக்கிய ஒருவரையும் நீங்கள் அறிய வேண்டும், ஏனெனில் இத்தகைய காணொளிகளில் அவர் பெயர் அடிக்கடி வரும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கின்டயர் கணிதம் பயின்றவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுரங்கத் தொழிலில் கழித்தவர். காலநிலை அறிவியலில் பட்டமோ பதவியோ அவருக்கு இல்லை. சுரங்கத் தொழிலில் எண்களை நம்பிப் பணத்தைப் போட்டவர்கள் அழிந்த கதைகள் உண்டு. இந்தோனேசியக் காட்டில் பெரும் தங்கப் படிவம் இருப்பதாக ஒரு கனடிய நிறுவனம் காட்டிய மாதிரிகளில் தங்கத்தூள் வெளியிலிருந்து கலக்கப்பட்டிருந்தது 1997இல் தெரியவந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் காற்றில் போயிற்று. அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவர் எந்த வரைபடத்தைக் கண்டாலும் “மூலக் கணக்கைக் காட்டு” என்று கேட்பதில் வியப்பில்லை.

அவர் கேட்டது மைக்கேல் மான் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் இரு தோழர்களும் 1998இலும் 1999இலும் வெளியிட்ட வரைபடத்தின் கணக்கை. வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளின் வெப்பத்தை மரவளையங்கள், பவளப்பாறைகள், பனிப்படிவுகள் ஆகியவற்றிலிருந்து கணித்து அவர்கள் வரைந்தார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகள் ஏறக்குறைய நேராகச் சென்று, இருபதாம் நூற்றாண்டில் செங்குத்தாக ஏறும் கோடு அது. கிடத்திவைத்த ஹாக்கி மட்டைபோல் இருந்ததால் அப்பெயரே நிலைத்தது.

2003இலும் 2005இலும் மெக்கின்டயரும் பொருளியலாளர் ராஸ் மெக்கிட்ரிக்கும் எழுப்பிய குற்றச்சாட்டின் மையத்தை ஓர் உவமையால் சொல்லிப் பார்க்கிறேன். ஊரின் பழைய வெயிலைப் பற்றி எழுபது பெரியவர்களிடம் சாட்சி கேட்கிறோம். எல்லாருடைய பேச்சையும் அவரவர் முழு வாழ்நாளின் சராசரியோடு ஒப்பிட்டு நிறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கடைசிப் பத்தாண்டின் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டால், “அண்மைக்காலம் முன்காலத்தைப்போல் இல்லை” என்று சொல்கிறவர்களின் குரல் தானாகவே உரத்துக் கேட்கும். மற்றவர்களின் குரல் அமுங்கிவிடும். மானின் கணக்கில் 1902 முதல் 1980 வரையான சராசரி அப்படிப் பயன்பட்டிருந்தது. பொருளற்ற தற்செயல் எண்களை இட்டாலும் அம்முறை மட்டை வடிவையே கொடுக்க முனைகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இது வெறும் கூச்சல் அன்று. 2006இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் ஜெரால்ட் நார்த் என்பவர் தலைமையில் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. அந்தச் சராசரி முறை தவிர்க்கப்பட வேண்டியதே என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் முறையைத் திருத்தினாலும் கோட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை என்றும் கண்டது. அதோடு நிற்காமல் நம்பிக்கையை அளந்தும் கொடுத்தது: கடந்த 400 ஆண்டுகளைப் பற்றி மிகுந்த உறுதியோடு பேசலாம், 900 முதல் 1600 வரை உறுதி குறைவு, அதற்கு முன் மிகமிகக் குறைவு. இப்படி இன்ன அளவுக்குத் தெரியும் என்று எல்லை கட்டிப் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிரசங்கபீடத்தில் நிற்கும் எங்களுக்கே இது எளிதில் வருவதில்லை.

மெக்கின்டயர் மறுபடியும் 2007இல் ஒரு பிழை கண்டார். நாசாவின் கணக்கில், அமெரிக்க நிலையங்களின் 2000க்குப் பிந்தைய அளவுகள் வேறொரு மூலத்திலிருந்து திருத்தமின்றி ஒட்டவைக்கப்பட்டிருந்தன. சில நாட்களில் நாசா திருத்திவிட்டது. அமெரிக்காவின் அளவு ஏறத்தாழ 0.15 டிகிரி குறைந்தது. அந்நாட்டின் மிக வெப்பமான ஆண்டு 1998 அன்று, 1934 என்றாயிற்று. அதுவும் மயிரிழை வேறுபாட்டில். உலகச் சராசரியிலோ மாற்றம் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. கண்டது உண்மையான பிழை. திருத்தியது சரியான செயல். ஆனால் உலகம் சூடாகிறது என்ற முடிவு அசையவில்லை. மூன்றையும் ஒருசேரச் சொல்பவர் அரிது. முதலாவதை மட்டும் ஒரு கட்சி சொல்கிறது, மூன்றாவதை மட்டும் மறு கட்சி சொல்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். அந்த மன்னன் ஒன்பதாம் நூற்றாண்டினனா, பத்தாம் நூற்றாண்டினனா என்பதில் வரலாற்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. ஆண்டு தவறு என்று ஒருவர் நிறுவினால் ஆண்டைத் திருத்துவார்கள். கோயிலே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் நெடுஞ்சாலையில் திரும்பிப் போவதில்லை. மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவது அடித்தளமாக மட்டும் கிடக்கிறது. ஆயினும் அந்த அடித்தளத்தின் அளவைக் கொண்டு அது எப்படி நின்றிருக்கும் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். மரவளையத்தைக் கொண்டு பழைய வெயிலை அறிவதும் அத்தகைய வேலைதான். உறுதி குறையும், கற்பனை ஆகிவிடாது.

உபாகமம் 25ஆம் அதிகாரம் பையில் இரண்டு வகை நிறைகற்களை வைத்திருப்பதைக் கண்டிக்கிறது. வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல். சந்தையில் அந்தத் தந்திரத்தை எளிதில் பிடித்துவிடுவோம். நம்பும் காரியத்தில் பிடிப்பது கடினம். ஆயிரம் பக்க அறிக்கையில் ஒரு பத்தி பிழைத்தால் அறிக்கை முழுவதும் பொய் என்கிற சகோதரர், ஆதாரமே காட்டாத மூன்று நிமிடக் காணொளியை மறுகேள்வியின்றி நூறு பேருக்கு அனுப்புகிறார். அவர் பையில் கற்கள் எத்தனை? ரெய்னாவின் அறிக்கையையும் அதே கல்லால் நிறுக்க வேண்டாமா? 2035 தவறு என்றதில் அவர் சரி. பனியாறுகளின் பின்வாங்கலில் அசாதாரணம் எதுவும் இல்லை என்ற அவருடைய மறுபாதி காலத்தின் சோதனையில் நிற்கவில்லை. காட்மாண்டுவிலுள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்துகுஷ் இமயத்தின் பனியாறுகள் 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு விரைவாகப் பனியை இழந்திருக்கின்றன. காணொளியில் இது இல்லை.

விஞ்ஞானிகளின் பையிலும் கள்ளக்கல் இருந்ததுண்டு. தன் வெப்பநிலைத் தரவுகளைக் கேட்ட ஆஸ்திரேலியர் ஒருவருக்கு, என் வேலையில் பிழை காண்பதே உன் நோக்கம் என்றிருக்க நான் ஏன் தர வேண்டும் என்ற பொருளில் பிரித்தானிய விஞ்ஞானி பில் ஜோன்ஸ் 2005இல் பதில் எழுதினார். அதற்காகத்தான் தர வேண்டும்! பிழை காண வருகிறவனைப்போல் கவனமாக வாசிக்கும் நண்பன் எவனுக்கும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் பலவற்றில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். அரசனுடைய ஆள் கொண்டுவரும் கோல் சரியா என்று எந்தக் குடியானவனும் அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவை மறைக்காமல் பொதுவில் வைத்தவர்கள் நம் முன்னோர். இன்று வெப்பநிலைத் தரவுகளும் கணக்குமுறைகளும் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கின்றன என்றால் அதில் மெக்கின்டயர் போன்ற தொல்லைக்காரர்களுக்கும் பங்குண்டு. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் பிழை கண்டபின் என்ன செய்வது? பிழையைக் காட்டிவிட்டு விலகுவது பாதி வேலை. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் மறுபாதியையும் செய்தார். மட்டை வரைபடத்தின்மேலும், நகர வெப்பத்தால் அளவீடுகள் கெட்டிருக்கலாம் என்ற விஷயத்திலும் அவருக்கு ஐயங்கள் இருந்தன. 2010இல் பெர்க்லியில் ஒரு குழுவைக் கூட்டி, உலகின் நில வெப்பநிலைப் பதிவுகளைத் தம் முறையில் முதலிலிருந்து கணக்கிட்டார். உதவிய நன்கொடையாளர்களில் காலநிலை அறிவியலை மறுப்போரின் புரவலர் சார்ந்த அறக்கட்டளையும் ஒன்று. 2012 ஜூலையில் முடிவைச் சொன்னார்: நிலத்தின் வெப்பம் 250 ஆண்டுகளில் ஒன்றரை டிகிரி ஏறியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதரே. நிலையங்களின் தரத்தைக் குறைகூறி வந்த அந்தோணி வாட்ஸ் என்ற முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர், பெர்க்லி குழுவின் முடிவு எதுவாயினும் ஏற்பேன் என்று 2011இல் முன்கூட்டியே எழுதியிருந்தார். முடிவு வந்தது. அவர் ஏற்கவில்லை. கிதியோன் தோலைப் போட்டு ஒரு முறைக்கு இரு முறை, மாற்றி மாற்றிச் சோதித்தான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலையில் பதில் கிடைத்ததும் அவன் எழுந்து போனான். மூன்றாம் முறை தோலைத் தேடவில்லை.

இனி ஆதியாகமம் 8:22. பூமி உள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், குளிரும் வெயிலும் ஒழிவதில்லை என்ற வாக்குத்தத்தத்தை நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். அது பருவங்கள் அற்றுப்போகாது என்கிறது. பஞ்சம் வராது என்று சொல்லவில்லை. அந்த வாக்குத்தத்தத்துக்குப் பின்தான் யோசேப்பின் காலத்தில் ஏழாண்டுப் பஞ்சம் வந்தது. எலியாவின் காலத்தில் மூன்றரை ஆண்டுகள் வானம் அடைபட்டது. நோவாவுக்குச் சொன்னதைக் காட்டி, களஞ்சியம் வேண்டாம் என்று யோசேப்பு இருந்துவிடவில்லை. இதே வேளையில், ஒவ்வொரு புயலையும் ஒவ்வொரு வறட்சியையும் மத்தேயு 24இன் நிறைவேறுதல் என்று முழங்கும் பிரசங்கிகளிடமும் எனக்கு ஒரு சொல் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தின் தென்னைகளை வேரோடு சாய்த்தது மெய். ஒரு புயலை மட்டும் வைத்து உலக வெப்பத்தை நிறுவவும் முடியாது, உலகத்தின் முடிவை நிறுவவும் முடியாது. உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைத்தான் ஓர் இடத்தின் காலநிலை என்று கொள்கிறது. போன வருடம் மழை நன்றாகப் பெய்தது, எங்கே உங்கள் வெப்பம் என்று கேட்பதும், இந்த வருடம் பொய்த்தது, பார்த்தீர்களா என்று கேட்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இமயத்துப் பனி உருகினால் கொடும்பாளூருக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. நம் கண்மாய்களுக்கு அங்கிருந்து ஒரு துளியும் வருவதில்லை; காவிரியும் இமயத்தில் பிறக்கவில்லை. நமக்கு வருவது வானத்திலிருந்து விழுவதுதான்; அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. காற்று சூடாக ஆக அது அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. மணிக்கணக்கில் கொட்டும் மழையைப் பிடித்து வைக்க, தூர்ந்துபோன கண்மாயால் முடியாது. கொடும்பை நெடுங்குளம் சிலப்பதிகாரத்திலேயே பேசப்படுகிறது. அந்தக் காலத்திலேயே இவ்வூரை வழிப்போக்கர் அடையாளம் கண்டது குளத்தைக் கொண்டுதான் என்றால், குளம் இல்லாமல் இந்த மண்ணில் வாழ முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கண்மாய் தூர்வாரும் பணிக்கு நம் சபை கொடுக்க ஒப்புக்கொண்ட பங்கை, அந்தக் காணொளியைக் காரணம் காட்டி மறுத்த வீடுகள் மூன்று. அவர்களிடம் நான் விஞ்ஞானத்தைப் பற்றி வாதாடப் போவதில்லை. மெக்கின்டயர் சரியென்றாலும் மான் சரியென்றாலும், வரத்துக்கால் அடைபட்டிருப்பதும் சீமைக்கருவேலம் கரையேறி நிற்பதும் கண்ணால் காணக்கூடியவை. அவற்றுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. வாலிபர் கூடுகையில் ஒரு மழைமானி வாங்கக் கேட்டிருந்தார்கள், வாங்கியாயிற்று. காலை எட்டரை மணிக்கு அளந்து, ஆலய முன்மண்டபத்தில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும். அளப்பவர் வாலிபர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் மூப்பர். மூப்பர்களில் யார் இந்தப் பொறுப்பை விரும்புகிறார்கள் என்பதை ஆராதனைக்குப் பின் சொல்லுங்கள்.

கண்மாய் வேலை வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவரவும்.